பாலத்தைத் தாண்டினால் பூ மார்க்கெட்



வழக்கமாக மூலக்குளத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் உங்களோடு பேசுவேன். இந்த முறை பேச்சு ஹவுரா பாலத்தைப் பற்றி. ஆமாம், கல்கத்தா ஹவுரா பாலமேதான்! ஊர்ப்பெயர் கொல்கத்தா என்று மாறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் எங்கள் வாயில் இன்னும் கல்கத்தாதான் வருகிறது.

என் பெண்ணை ஹவுராவில் வேலை பார்க்கும் பையனுக்குக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் நம் வீட்டில். ஐந்தாம் மாதம் பேத்தியோடு கொண்டுபோய் விட்டு வந்தோம். அதன் பிறகு தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி. பேசும்போதெல்லாம் நான் ஒரே பாட்டுத்தான் பாடுவேன். "தெரியாத ஊரு, தெரியாத பாஷை. மாப்பிள்ளை வராம வெளியே காலெடுத்து வைக்காதே. கைக்குழந்தைக்காரி, ஜாக்கிரதை." அவளும் "சரிம்மா" என்பாள். நாலு மாதத்தில் அந்த "சரிம்மா" மெலிந்துகொண்டே வந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

போன மாசி மாதம் நானும் என் கணவரும் கிளம்பினோம். புதுச்சேரியிலிருந்தே ஹவுராவுக்கு வாரம் ஒருமுறை ரயில் இருக்கிறது. ஒன்றரை நாள் பயணம். என்னைக் கொண்டுபோய் விட்டு அவர் நாலாம் நாள் திரும்பிவிட்டார். நான் இருபது நாள் தங்கினேன்.

போன அன்றே எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆகியும் பெண் காலையில் போட்ட நைட்டியோடு தலை வாராமல் இருக்கிறாள். ஜன்னல் சாத்தியபடி கிடக்கிறது. கூடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் தவிர ஒரு கீரைத் தண்டு கிடையாது. மாப்பிள்ளை நல்லவர்தான். ராத்திரி வேலை முடிந்து வரும்போது அந்த நேரத்தில் என்ன அகப்படுகிறதோ அதை வாங்கி வருகிறார். பேத்தி அழுதால் இவளும் சேர்ந்து அழுகிறாள்.

"என்னடி இது, இப்படி அடைஞ்சு கிடக்கறே? நாலு இடம் போய் வரக்கூடாதா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நீதானேம்மா வெளியே போகாதேன்னு சொன்னே?"

சகோதரிகளே, எனக்குப் பதில் வரவில்லை. பத்திரம் பத்திரம் என்று சொல்லிச் சொல்லி, என் பெண்ணை இரண்டு அறைக்குள் பூட்டியது நானேதான்.

மறுநாள் ராத்திரி மாப்பிள்ளையிடம் கேட்டேன். "தம்பி, நாளைக்கு விடியக்காலம் ரெண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கிறீங்களா? நாங்க பாலத்தைப் பார்த்துட்டு, அந்தண்டை பூ மார்க்கெட்டுக்கும் போய் வரோம்." அவர் "தாராளமா போய்ட்டு வாங்க அத்தை" என்றார். பெண்தான் தயங்கினாள். "அவர் எப்படிம்மா பார்த்துப்பார்? அழுதா?" அழுதால் தூக்கட்டுமே! பெற்ற தகப்பன்தானே! பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

காலை ஐந்தரை மணி. பஸ்ஸில் ஹவுரா ஸ்டேஷன் வந்து இறங்கினால் எதிரே நிற்கிறது பாலம். சினிமாவில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். நேரில் பார்க்கும்போது, அம்மாடி! கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கோபுரம் 280 அடி உயரமாம். ஹூக்ளி நதிக்கு மேலே அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவில் 1,500 அடி தூரம். அதில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு கரையிலும் நிற்கிற கோபுரங்கள்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகின்றன.

மாப்பிள்ளை இன்னும் சில விவரம் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் அங்கே 1874-இல் போட்ட மிதவைப் பாலம்தான் இருந்ததாம். இப்போதுள்ள பாலத்தை 1936-இல் கட்ட ஆரம்பித்து 1943 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். 26,500 டன் எஃகு! அதில் பெரும்பகுதி நம் டாட்டா கம்பெனி கொடுத்தது. நட்டு, போல்ட்டு எதுவும் போடாமல் முழுக்க ரிவிட் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அப்போது உலக யுத்தம். ஜப்பான்காரன் கல்கத்தாமேல் குண்டு போட்டிருந்த சமயம். அதனால் இத்தனை பெரிய பாலத்துக்கு மேளதாளத்தோடு திறப்பு விழாவே நடக்கவில்லையாம். 1965-இல் மகாகவி தாகூர் பெயரால் 'ரவீந்திர சேது' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நம் பெரிய மார்க்கெட்டுக்கு 'குபேர் அங்காடி' என்று பெயர் இருந்தும் யார் அப்படிச் சொல்கிறோம்? அங்கேயும் அதே கதைதான். எல்லோருக்கும் அது ஹவுரா பாலம்தான்.

நடைபாதையில் ஏறினோம். பஸ்ஸும் டாக்ஸியும் ஒரு பக்கம் அலறிக்கொண்டு போகின்றன. இன்னொரு பக்கம் தலையில் மனுஷ உயரத்துக்குக் கூடையும் மூட்டையுமாக ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள். அவர்களுக்கு நிற்க முடியாது. நின்றால் பாரம் அழுத்தும். நாம்தான் விலக வேண்டும். தினம் லட்சம் வண்டிகளும் அதற்கும் மேல் நடந்து போகிறவர்களும் கடக்கிற பாலம் என்று சொல்கிறார்கள்.

பாதி தூரம் போயிருப்போம். பெரிய பஸ் ஒன்று கடந்தபோது காலடியில் பாலம் அதிர்ந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கீழே பார்த்தால் ஆறு கலங்கலாகச் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு அடி முன்னால் போக முடியவில்லை. பின்னாலும் போக முடியவில்லை. பெண்ணுக்குத் தைரியம் கொடுக்க வந்தவள் நிலைமை இப்படி!

அவள்தான் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா, பாலம்னா அதிரத்தாம்மா செய்யும். கீழே பார்க்காதே. என் முதுகைப் பார்த்துக்கிட்டே வா." முன்னால் நடந்தாள். எதிரே வந்த கூடைக்காரர்களுக்கு ஒதுங்கி, எனக்கும் வழி பண்ணி, அந்தக் கரை வரைக்கும் கையை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடின பெண்தான் அவள். அன்று மறுபடி அவளைப் பார்த்தேன்.

கல்கத்தா பக்கத்து முனையில் பாலத்திலிருந்து படி இறங்குகிறது. இறங்கினால் மல்லிக் காட் பூ மார்க்கெட். 'காட்' என்றால் படித்துறை. ராம்மோகன் மல்லிக் என்ற செல்வந்தர் தன் தகப்பனார் ஞாபகமாக 1855-இல் கட்டிய துறை. பாலத்துக்கு அடியில் ஆற்றங்கரை ஓரமாகப் பூ, பூ, பூவேதான். செண்டுமல்லி மாலைகள் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கட்டுக் கட்டாக மலை மாதிரி குவிந்து கிடக்கின்றன. காளிக்குச் சாத்தச் செம்பருத்தி மாலை. நம்ம சம்பங்கியை அங்கே ரஜனிகந்தா என்கிறார்கள். தாமரை மொட்டு, சங்குப்பூ, வில்வம், அருகம்புல். பான்ஸ்குரா, கோலாகாட் என்கிற ஊர்களிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்குமாம். வழியெல்லாம் மிதிபட்ட பூ சேறாகக் கிடக்கிறது. செருப்பு வழுக்குகிறது. வாசனையும் சேற்று வாடையும் கலந்து வருகிறது.

நான் பழக்க தோஷத்தில் "முழம் எவ்வளவு?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்! பூக்காரர் முழித்தார். முழக்கணக்கு அங்கே இல்லை. தொடுத்த பூவைத் தினம் தலையில் வைக்கிற வழக்கமும் நம்மைப்போல் அவர்களுக்கு இல்லை. அப்போது என் பெண் மெதுவாக, "கொத்தோ?" என்றாள். எவ்வளவு என்று அர்த்தம். மாப்பிள்ளை கடையில் கேட்கிறதைக் காதில் வாங்கி வைத்திருக்கிறாள். அவர் விரலால் காட்ட, இவளும் விரலால் குறைக்க, ஏக், துய், தின் என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேரம் பேசி ஒரு செண்டுமல்லிக் கட்டு வாங்கிவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று!

பூக்காரர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. "பாண்டிச்சேரி" என்றாள். அவ்வளவுதான்! அந்த மனுஷர் இரண்டு கையும் கூப்பி "ஸ்ரீ அரவிந்தோ" என்றார். கல்கத்தாவில் 1872-இல் பிறந்த அரவிந்தர் 1910-இல் சந்திரநாகூரிலிருந்து புறப்பட்டு நம் ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பது நமக்குத் தெரியும். அங்கே பூ விற்கிறவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு தாமரை மொட்டைக் காசு வாங்காமல் கொடுத்தார். அந்தச் சந்திரநாகூரும் ஹவுராவிலிருந்து கொஞ்ச நேர ரயில் தூரம்தான். நம்மைப்போலவே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். 1950-லேயே அவர்கள் கையை விட்டுப் போனது. நமக்கு 1954 நவம்பர் 1 வரை ஆயிற்று. இதைச் சொன்னபோது பெண், "அப்போ இது அவ்வளவு அந்நிய ஊரில்லைம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது பாலத்தில் ஒன்றைக் கவனித்தேன். இரும்புத் தாங்கிகளின் அடிப்பாகத்தில் ஃபைபர் கிளாஸ் மூடி போட்டிருக்கிறார்கள். முன்பு இரும்பு மூடிதான் இருந்ததாம். போகிற வருகிறவர்கள் வெற்றிலை பாக்கு மென்று துப்பித் துப்பியே அது அரித்துவிட்டதாம். சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் சேர்ந்து இரும்பையே அரிக்கிறது என்றால், வாயை என்ன செய்யும் என்று புகையிலை போடுகிற நம் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தால் குழந்தை தகப்பன் மார்மேல் தூங்குகிறது. அழுததாம், தூக்கிக்கொண்டு உலாவினாராம், தூங்கிவிட்டதாம். உலகம் ஒன்றும் முழுகிப் போகவில்லை!

அதற்குப் பிறகு தினம் காலையில் பக்கத்துத் தெரு பஜாருக்குப் போக ஆரம்பித்தோம். அடுத்த வீட்டு அம்மாளையும் கூட்டிக்கொண்டோம். அறுபது வயசிருக்கும், 'மாஷிமா' என்று கூப்பிட வேண்டும். சித்தி, பெரியம்மா மாதிரி. அவர்களும் நாலு மாதமாக இந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கதவு சாத்தியிருந்ததால் தட்டவில்லையாம்.

பஜாரைப் பார்த்தால் நம் ஊர் மாதிரியேதான்! வாழைப்பூ இருக்கிறது, அதற்குப் பேர் மோச்சா. வாழைத்தண்டு இருக்கிறது. சுரைக்காய் லாவு. பீர்க்கங்காய், பூசணி, அவரை எல்லாம் உண்டு. மாசி மாதமாகையால் முருங்கைக்காயும் முருங்கைப் பூவும் குவித்து வைத்திருந்தார்கள். வெயில் தொடங்கும் காலத்தில் முருங்கைப் பூவும், வேப்பந்தளிரைக் கத்தரிக்காயோடு வறுத்தும் சாப்பிட்டால் அம்மை போடாது என்பது அவர்கள் நம்பிக்கை. நம் பாட்டி சொன்ன மாதிரியே இல்லை? அம்மைக்கு அது மருந்தா என்பது வேறு விஷயம். ஆனால் கீரையும் முருங்கையும் பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை.

மீன் கடையில்தான் எனக்கு அதிசயம். நம் ஊர் மீன்காரம்மா மாதிரியே பெரிய அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து மீன் வெட்டுகிறார்கள். 'போன்ட்டி' என்று பேர். வீடுகளிலும் காய் நறுக்க அதுதான். என் பெண் ஊரிலிருந்து கொண்டுபோன அரிவாள்மனையை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அன்றே அதை வெளியே எடுத்தோம். மாஷிமா வந்து பார்த்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்து வாழைப்பூ நறுக்கிக் காட்டினார்கள். கள்ளன் எடுத்து, விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு, எல்லாம் நம் பக்குவம்தான். பிறகு உருளைக்கிழங்கும் சீரகமும் கரம் மசாலாவும் சேர்த்து நெய் விட்டுப் பிரட்டினார்கள். நான் பருப்பு உசிலி பண்ணிக் கொடுத்தேன். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம்.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை நியூ மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். பேர்தான் நியூ, 1874-இல் திறந்தது! சிவப்புச் செங்கல் கட்டடமும் மணிக்கூண்டும் அழகு. ஹவுராவிலிருந்து ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் 2024 முதல் ஓடுகிறது. தெற்குப் பக்கம் லேக் மார்க்கெட் என்று ஒன்று. நம்மவர்கள் பல காலமாகக் குடியிருக்கிற பகுதி. அங்கே வாழையிலை, காப்பிப் பொடி, அப்பளம் எல்லாம் கிடைக்கிறது. ஆசைக்கு அங்கே போகலாம். ஆனால் தினப்படி வாழ்க்கைக்குப் பக்கத்துத் தெரு பஜார்தான் துணை என்று பெண்ணிடம் சொல்லி வந்தேன்.

மார்க்கெட்டுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை அளக்கவில்லை. பல நாள் சிரித்தாள். சில நாள் காரணமில்லாமல் அழுதாள். ஊர் திரும்பும் முன் ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பிள்ளை பெற்ற முதல் சில நாள் அழுகையும் சலிப்பும் வருவது சகஜம்; இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், மாதங்கள் கழித்து வந்தாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும், வைத்தியத்தால் குணமாகும் என்று சொன்னார். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்தும் உண்டாம். அது திமிரும் இல்லை, காற்று கருப்பும் இல்லை. தூக்கம் வேண்டும், சத்தான சாப்பாடு வேண்டும், பேச ஆள் வேண்டும், தினம் கொஞ்ச நேரம் வெளிக்காற்று வேண்டும். இதில் நான் கொடுக்க முடிந்தது கடைசி இரண்டும்தான். அதையும் நாலு மாதம் தாமதமாகக் கொடுத்தேன்.

ஹவுரா பக்கம் போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். பூ மார்க்கெட்டுக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பருத்திப் புடவையைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு போடுங்கள். சுமைக்காரர்களுக்கு எதிரே நிற்காதீர்கள். படம் எடுப்பதானால் ஓரமாக நின்று எடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கையில் இருக்கட்டும். கைக்குழந்தையை அந்த நெரிசலுக்குத் தூக்கிப் போக வேண்டாம். வீட்டில் பார்த்துக்கொள்ளத் தகப்பன் இருக்கிறார்! பாலத்தில் நடக்கப் பயமாக இருந்தால் ஸ்டேஷன் பக்கத்திலேயே படகு போகிறது. ஆற்றிலிருந்து பாலத்தைப் பார்ப்பதும் ஒரு கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஒரு தடவையாவது நடந்து பாருங்கள்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மூலக்குளத்திலிருந்து பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வாழைப்பூ கடை முன்னால் ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தை, கையில் சங்கு வளையல். வங்காளத்துப் பெண் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பூவைக் காட்டி விரலால் ஏதோ கேட்கிறாள். கடைக்காரம்மாவுக்குப் புரியவில்லை. நம் ஊரில் இப்படி எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! எத்தனை தடவை நான் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போயிருப்பேன்!

பக்கத்தில் போய், "மோச்சா?" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கொத்தோ, மாஷிமா?" என்றாள். விலையை விரலால் காட்டினேன். கடைக்காரம்மாவிடம் சொல்லி ஐந்து ரூபாய் குறைத்தும் கொடுக்க வைத்தேன்.

அன்று ராத்திரி என் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நல்லதும்மா" என்றவள், தொடர்ந்து அன்றைக்கு அவர்கள் பஜாரில் முருங்கைக்காய் என்ன விலை, மாஷிமா அதை எப்படிக் குறைத்தார் என்று கால் மணி நேரம் பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை. "ஜாக்கிரதை" என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைப் பெற்ற தாய்மார்களே, இன்று போன் பண்ணும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு, "இன்னிக்கு வெளியே போனியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.